வெந்நீர் வராத காலை

எங்கள் வீட்டுக் குளியலறையில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் இருக்கிறது. நீலம் என்று சொல்வது பழைய நினைப்பில்தான். வெயிலும் சோப்பும் பட்டு இப்போது சாம்பல் பூத்துப் போயிருக்கிறது. கைப்பிடி உடைந்து பல வருஷம் ஆகிறது. கட்டுக்கம்பியை இரண்டு சுற்று சுற்றி அதையே பிடியாக வைத்திருக்கிறேன். "ஏம்மா, புது பக்கெட் ரெண்டு சும்மா கெடக்குது. இதைத் தூக்கி பழைய சாமான்காரங்கிட்ட போட்டாதான் இன்னா?" என்று என் மகள் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எனக்கு எதற்குமே உடனே பதில் சொல்ல வராது. ஆள் முன்னால் நின்று பேசுவதென்றால் சின்ன வயதிலிருந்தே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் பாதிக் காரணம் என்றால், வாத்தியார் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்பாரே என்ற பயம் மீதிக் காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

ஓசூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பல வருஷம் ஹெல்பராக இருந்தேன். குருபரப்பள்ளியில் விடியற்காலை கம்பெனி பஸ் ஏறுவேன். சூளகிரி தாண்டும்போது ஜன்னல் கண்ணாடியில் பனி வழியும். மாத்திரை செய்கிற கம்பெனிகளுக்குப் போகும் ஒரு வெள்ளைப் பொடியை அங்கே தயாரித்தார்கள். அது பிறப்பது ரியாக்டரில். பெண்கள் நாங்கள் அதை அண்டா என்போம். இரண்டு ஆள் உயரம் இருக்கும். மேலே ஒரு சின்ன டேங்கிலிருந்து கண்ணாடிக் குழாய் வழியாக ஆசிட் சொட்டுச் சொட்டாக அதற்குள் விழும். உள்ளே கலக்கி ஓயாமல் சுற்றும். அடியில் அடுப்பு கிடையாது. ஆனாலும் ஆசிட் விழ விழ அண்டா சூடாகிவிடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போவதற்காக அண்டாவைச் சுற்றி இன்னொரு சுவர் எழுப்பி, நடுவில் குளிர்ந்த தண்ணீரை ஓட விட்டிருந்தார்கள். உள்ளே போகும்போது கை விறைக்கிற தண்ணீர், வெளியே வரும்போது குளிக்கிற பதத்தில் வரும்.

மார்கழி, தை மாசத்து ஓசூர்க் குளிர் தெரிந்தவர்களுக்கு நாங்கள் செய்த திருட்டுத்தனம் புரியும். அந்தத் தண்ணீர் திரும்பிப் போகிற பைப்பில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன வால்வு இருந்தது. அதைத் தொடக்கூடாது என்று மேனேஜர் போர்டே எழுதி மாட்டியிருந்தார். போர்டுக்குக் கீழேயே இந்த நீல பக்கெட்டை வைத்து, வால்வை ஒரு நூல் அளவுக்குத் திறந்து விடுவோம். அதிகம் திறந்தால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். அந்த நூல் தண்ணீரில் பக்கெட் நிரம்ப முழுசாக அரை மணி நேரம் ஆகும். யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. கால் பக்கெட் சேர்ந்ததுமே கைகளை முக்கி எடுப்போம். பிறகு சாப்பாட்டு டப்பாக்களை அதற்குள் இறக்கி வைப்போம். பத்து மணிக்குத் திறந்தால் களி அப்போதுதான் கிண்டியது போல இருக்கும். எங்களோடு வேலை செய்த அத்திப்பள்ளிக்காரி கன்னடம் பேசுகிறவள். அவள்தான் அதற்கு பிசிநீர்க் குழாய் என்று பெயர் வைத்தாள். அவள் பாஷையில் வெந்நீருக்கு அதுதான் சொல். "கம்பெனி சம்பளம் கொடுக்கிறது கைக்கு, பிசிநீரு கொடுக்கிறது உயிருக்கு" என்பாள்.

கெமிஸ்ட்டம்மா வந்தது அப்படி ஒரு பனிக்காலத்தில்தான். அம்மா என்று நாங்கள் கூப்பிட்டோமே தவிர, வயது இருபத்தைந்துகூட இருக்காது. எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அந்த பிளான்ட்டில் பெண் கெமிஸ்ட் என்று முதலில் வந்தது அவர்தான். பெரிய ஷூ, தலையில் பொருந்தாத ஹெல்மெட், குளிரில் வெடித்த உதடு. வந்த மூன்றாம் நாள் எங்களைக் கையும் பக்கெட்டுமாகப் பிடித்துவிட்டார். நாங்கள் பின்னால் நகர்ந்தோம். அத்திப்பள்ளிக்காரி மட்டும் அசராமல், "பக்கெட்டு கழுவுறோம் மேடம்" என்றாள். மிதக்கிற டப்பாக்களைக் கெமிஸ்ட்டம்மா பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்தார். கையுறையைக் கழற்றி இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "யம்மா! எங்க ஊர்ல சுவெட்டர்னு ஒண்ணை நான் கடையிலதான் பாத்திருக்கேன். இங்க வந்து இப்படிச் சாவுதேனே!" என்றார். அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்கு அவரும் வந்து கை நனைத்துவிட்டுப் போவார்.

நான் பேசவே மாட்டேன் என்பதால், பேசுகிறவர்களுக்கு என்னிடம் பேசப் பிடிக்கும். கெமிஸ்ட்டம்மாவும் அப்படித்தான். ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டே, மனசில் ரொம்ப நாளாக இருந்ததைக் கேட்டுவிட்டேன். அடுப்பு இல்லாமல் சூடு எங்கேயிருந்து வருகிறது? அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்ல வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக் கல்லு தண்ணியில போடுவியல்லா, அது கொதிக்குமே, பாத்திருக்கீயளா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் மண்பானையில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டுவிட்டு எட்டி நிற்போம். யூரியாவைத் தண்ணீரில் கரைத்தால் பாத்திரம் ஜில்லென்று ஆவதும் எனக்குத் தெரியும், மத்தூரில் மாமா தோட்டத்தில் மருந்து அடிக்க நான்தான் கரைத்துக் கொடுப்பேன். அதைச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "அதேதான்க்கா. ஒவ்வொரு பொருளும் உள்ளுக்குள்ள கட்டுக் கட்டாக் கட்டிக் கெடக்கு. பழைய கட்டை அவுக்கச் சூடு செலவாகும். புதுசா கட்டு விழும்போது சூடு வெளிய வரும். வந்தது கூடுதலா இருந்தா சுண்ணாம்பு, செலவு கூடுதலா இருந்தா யூரியா. நம்ம அண்டாவுல வரவு கூடுதல். அந்த மிச்சத்துலதான் உங்க களி சூடா இருக்கு" என்றார்.

இன்னொரு நாள் சொன்னது இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "இவ்வளவு ஆசிட்டுக்கு இவ்வளவு சூடுன்னு கணக்கு உண்டுக்கா. அதுல ஒரு துளி கூடாது, குறையாது. ஆறு மணி நேரமா மெதுவா வந்துச்சுன்னா நமக்கு வெந்நீர். அதே சூடு ஒரே நிமிஷத்துல வந்துச்சுன்னா இந்தக் கூரை இருக்காது, நாமளும் இருக்க மாட்டோம்." பைப்பைத் தட்டிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "ஆசிட் விழுந்துகிட்டே இருந்து இங்க சூடு வரலைன்னா, சூடு இல்லைன்னு நெனச்சிரக் கூடாது. உள்ள சேந்துகிட்டு இருக்குன்னு நெனைக்கணும்." நான் தலையை ஆட்டினேன். அவர் எதற்கோ சொன்னார், நான் எதற்கோ கேட்டுக்கொண்டேன்.

அது தை மாசம். பனி இறங்கி, கேட்டிலிருந்து பிளான்ட் தெரியவில்லை. முந்தின வாரம் ஒரு மிஷின் ரிப்பேரில் வேலை பின்தங்கியிருந்தது. காலையிலேயே மேனேஜர் வந்து, எல்லார் முன்னாலும் கெமிஸ்ட்டம்மாவைப் பிடித்துக் கடிந்துவிட்டுப் போனார். பொம்பளைப் பிள்ளையை ஷிப்டில் போட்டால் இப்படித்தான் என்று அவர் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. இந்த வாரமும் பின்தங்கினால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அன்று கெமிஸ்ட்டம்மா கை நனைக்க வரவில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு மேலே இரும்பு மேடையிலேயே நின்றார்.

ஆசிட் விடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, வழக்கம்போல மற்றவர்களுக்கு முன்னால் நான் போய் வால்வை நூல் அளவு திறந்தேன். வழக்கமாக முதலில் பச்சைத் தண்ணீர் வரும், பக்கெட்டின் அடி மறைவதற்குள் வெதுவெதுப்பு ஏறிவிடும். அன்று ஏறவில்லை. புறங்கையை வைத்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி எனக்கு எதையும் புறங்கையில்தான் பார்க்க வரும். ஜில்லென்று இருந்தது. ஆசிட் தாமதமாகத் திறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக் குழாயில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

அத்திப்பள்ளிக்காரி டப்பாவோடு வந்து விரலை விட்டுப் பார்த்தாள். "ஏனக்கா, பிசிநீரு இல்லவா? மேனேஜரு திட்டுல அதுக்கும் குளிரு பிடிச்சிருச்சா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெமிஸ்ட்டம்மா சொன்னது மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போய்ச் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது? மேடையில் ஆப்பரேட்டர் அண்ணன் இருக்கிறார், இன்னும் இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள். தொடக்கூடாத வால்வைத் திறந்தேன் என்றும் சொல்ல வேண்டுமே. என் ஒருத்தி வேலை போனால் போகட்டும், கை நனைக்கிற ஆறு பெண்களின் வேலையும் போகுமே. இப்படி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒன்றுமில்லாததற்குப் போய் நின்று, எல்லாரும் திரும்பிப் பார்த்து, நான் திக்கி நிற்பேனே என்ற வெட்கம். உண்மையைச் சொன்னால் அந்த வெட்கம்தான் பெரிசாக இருந்தது. படி வரைக்கும் போனேன். மேலேயிருந்து ஆப்பரேட்டர் அண்ணன், "இன்னாம்மா, வழி தவறிட்டியா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன். மறுபடி புறங்கையை வைத்தேன். அதே குளிர்ச்சி. பக்கெட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் ஒரு பக்கெட் முழுசாக நிரம்புவதை நின்று பார்த்தது அன்றுதான்.

அப்போது மேடையில் கெமிஸ்ட்டம்மாவின் குரல் கேட்டது. "டெம்பரேச்சர் முள்ளு அசையாம நிக்கி. நல்லாத்தான் போகுது. ஆசிட்டைக் கொஞ்சம் கூட்டி விடலாம்ண்ணே, நேரத்தைப் பிடிச்சிருவோம்."

எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. வால்வைக்கூட மூடவில்லை. நிரம்பி வழிகிற பக்கெட்டோடு இரும்புப் படிகளில் ஏறினேன். புடவை முழுக்க நனைந்தது. கெமிஸ்ட்டம்மாவின் காலடியில் தொப்பென்று வைத்தேன், பாதித் தண்ணீர் அவருடைய ஷூவில் கொட்டியது. "என்னக்கா இது? இங்க எதுக்கு இதைக் கொண்டாந்தீய?" என்று அவர் கோபமாகத்தான் கேட்டார். எனக்கு வாய் திறக்கவே இல்லை. அவருடைய கையைப் பிடித்தேன். கையுறையை உருவினேன். கையைத் தண்ணீருக்குள் அழுத்தினேன்.

ஒரு முகம் அப்படி மாறி நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. "ஆசிட்டை மூடுங்க! மூடுங்க!" என்று கத்தினார். மேலே கலக்கியின் மோட்டார் எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் குனிந்து, மோட்டாருக்கும் அண்டாவுக்கும் நடுவில் இருந்த தண்டைப் பார்த்தார். மோட்டார் சுற்றியது, தண்டு சுற்றவில்லை. இரண்டையும் இணைக்கிற பின் என்கிற சின்ன ஆணி முறிந்திருந்தது. விழுந்த ஆசிட் எல்லாம் கலக்காமல் உள்ளே தனியாகத் தங்கிக் கிடந்தது. டெம்பரேச்சர் முள் முந்தின நாள் நின்ற இடத்திலேயே சிக்கிக்கொண்டிருந்தது. அது ஆடாமல் நின்றதைத்தான் நல்லது என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். "இதோ, ஒரு நிமிஷத்துல வேற பின் போட்டுச் சுத்த விட்டுர்றேன்" என்று ஆப்பரேட்டர் அண்ணன் ஸ்பேனரை எடுத்தார். கெமிஸ்ட்டம்மா அவருடைய கையைத் தட்டிவிட்டார். "அண்ணே, ஒரு சுத்து சுத்தினா அம்புட்டும் ஒண்ணாச் சேந்துரும். வேண்டாம். எல்லாரும் வெளிய போங்க."

எங்களை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கெமிஸ்ட்டம்மாவும் ஆப்பரேட்டர் அண்ணனும் மட்டும் உள்ளே இருந்தார்கள். அண்டாவுக்குள் கிடந்ததை, கீழே தண்ணீர் நிறைத்து வைத்திருந்த பெரிய தொட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். சாயந்திரம் வரைக்கும் ஆனது. மதியத்துக்கு மேல் பனி விலகி வெயில் அடித்தபோது, கேட்டில் நின்ற எங்களுக்கு அந்தத் தொட்டியிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்புவது தெரிந்தது. காலையில் வராத சூடு இப்போது வருகிறது என்று எனக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்ற யாருக்கும் நான் சொல்லவில்லை. அத்திப்பள்ளிக்காரி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் விசாரணை. மேடைக்கு பக்கெட் எப்படி வந்தது என்று மேனேஜர் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நான்தான் சார் அவுட்லெட் தண்ணியைப் பிடிச்சுப் பாக்கச் சொல்லியிருந்தேன்" என்றார் கெமிஸ்ட்டம்மா. கூசாமல் சொன்னார். "இனிமே தினமும் பாக்கணும் சார். முள்ளு பொய் சொல்லும், தண்ணி பொய் சொல்லாது." மேனேஜர் போய் அந்த வால்வைப் பார்த்தார். பிறகு அந்த போர்டைக் கழற்றச் சொன்னார்.

ஒரு வாரத்தில் என் கையில் ஒரு தெர்மாமீட்டரும் கோடு போட்ட நோட்டும் வந்தன. ஆசிட் விடுகிற நேரமெல்லாம் கால் மணிக்கு ஒரு தடவை தண்ணீரைப் பிடித்து, நேரத்தையும் சூட்டையும் எழுத வேண்டும். "பத்துக்கு மேல படிச்ச பிள்ளைங்க இருக்குதே மேடம்" என்று ஆப்பரேட்டர் அண்ணன் இழுத்தார். "இவங்கதான் எழுதணும்" என்று கெமிஸ்ட்டம்மா சொல்லிவிட்டார். ஐந்தாவதுக்குப் பிறகு நான் பேனா பிடித்தது அன்றைக்குத்தான். முதல் பக்கத்தில் எட்டு என்ற எண் நத்தை மாதிரி நெளிந்திருந்தது. ரிட்டையர் ஆகிற வரை எத்தனையோ நோட்டு எழுதி முடித்தேன்.

எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். கல்லாவியில் இருக்கிற என் தங்கை வரைக்கும் செய்தி போய், கோழி அடித்துக்கொண்டு வந்தாள். புகழப் புகழ எனக்கு உள்ளே குன்றிப்போகும். அரை மணி நேரம் தெரிந்தே நின்றேன் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும். ஆசிட்டைக் கூட்டச் சொல்லி கெமிஸ்ட்டம்மா வாய் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு நேரம் நின்றிருப்பேன்? மூன்று வருஷத்தில் கெமிஸ்ட்டம்மா குஜராத்தில் பெரிய வேலை கிடைத்துப் போனார். போகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன தை மாசம் ஒரு சாயந்திரம், எங்கள் வீட்டு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. பெங்களூருக்குப் போகிற வழியில், ஹைவே ஓரத்து டீக்கடைகளில் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். முன்தலை நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். "யக்கா" என்ற ஒரு சொல்லில் கெமிஸ்ட்டம்மா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை கழுவ வேண்டும் என்றார். கீசரைப் போட்டு, பதட்டத்தில் கைக்கு வந்த பக்கெட்டில் வெந்நீர் பிடித்து வாசலில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் பார்த்தேன், அதே நீல பக்கெட். கம்பெனியில் புது பக்கெட் மாற்றியபோது வீட்டுக்குக் கேட்டு வாங்கி வந்தது. அவர் கம்பிப் பிடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் கண் மூடியிருந்ததால்தான் எனக்குச் சொல்ல வந்தது என்று நினைக்கிறேன். "அம்மா, அன்னிக்கி எனக்கு முன்னாடியே தெரியும். அரை மணி நேரம் சும்மா நின்னுட்டேன்" என்றேன்.

"தெரியும்க்கா" என்றார், கண்ணைத் திறக்காமலே. "அந்தக் குழாயில பக்கெட் நெறைய எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாதா? நீங்க கொண்டாந்தது வழிஞ்சுதே. என் ஷூவுலயே கொட்டுச்சு."

இத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"பேசுறதுக்கு உங்களுக்கு அரை மணி நேரம் ஆச்சு. எழுதுறதுக்கு ஒரு நிமிஷம் போதும்லா? அதான் நோட்டை உங்க கையில குடுத்தேன்." தண்ணீரைக் கையால் அளைந்தபடி, "நான் மட்டும் என்ன? தினம் கை நனைக்கிறவ, அன்னைக்குக் கோவத்துல வரலை. வந்திருந்தா எட்டு மணிக்கே தெரிஞ்சிருக்கும். அதை நானும் இதுவரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்லக்கா" என்றார்.

என் மகள் டீ கொண்டுவந்தாள். அவர் கையை வெளியே எடுக்க மனமில்லாதவர் போல, ஒரு கையால்தான் டம்ளரை வாங்கினார். கிளம்பும்போது ஈரக் கையால் என் கையைப் பிடித்தார், அவ்வளவுதான்.

கார் ஹைவேயில் ஏறி மறைந்த பிறகு, தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம் என்று பக்கெட்டைத் தூக்கினேன். ஊற்றுவதற்கு முன்னால் பழக்க தோஷத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தேன். ஐந்தே கால். இன்னும் சூடு இருந்தது.